பிரெய்ல் டிஸ்ப்ளே கணினியோடு இணைய மறுத்தால்: வீட்டிலேயே சரிபார்க்கும் வழிமுறை



கண்பார்வை இல்லாத நம் பிள்ளைகளும் பெரியவர்களும் இன்று கணினியில் படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், வேலை பார்க்கிறார்கள். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்னும் மென்பொருள் குரலாக வாசித்துச் சொல்கிறது. அதே எழுத்துகளை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக மாற்றித் தருவது பிரெய்ல் டிஸ்ப்ளே. வரிசையாக 14, 20, 40 என்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 6 அல்லது 8 சிறு ஊசிகள் எழும்பியும் இறங்கியும் எழுத்தைக் காட்டும்.

குரல்தான் இருக்கிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. குரல் சொல்லைச் சொல்லும், எழுத்தைச் சொல்லாது. எந்த இடத்தில் ல, எந்த இடத்தில் ள, எங்கே ழ என்று காதால் மட்டும் கேட்டுப் படிக்கும் பிள்ளைக்கு உறுதியாகத் தெரியாது. அரபியில் ஸீன், ஸாத், ஸே மூன்றும் அப்படித்தான். கணக்கும் கணினி நிரலும் படிப்பவருக்கு ஒரு அடைப்புக்குறி தவறினாலும் எல்லாம் தவறும். காதும் கேளாத, கண்ணும் தெரியாத ஒருவருக்கோ இந்தக் கருவி ஒன்றுதான் கணினிக்கான வாசல். அது அடைபட்டால் அவருக்கு வேறு வழியே இல்லை.

அப்படிப்பட்ட கருவி ஒருநாள் காலையில் கணினியோடு இணையாது. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்பார்கள். உடனே வீட்டில் கருவி பழுது என்று முடிவு கட்டி, பெட்டியில் போட்டு, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பக் காத்திருப்பார்கள். வாரக்கணக்கில் படிப்பு நின்றுவிடும். ஆனால் இப்படி வரும் சிக்கல்களில் பல, கருவியின் பழுதே அல்ல. கருவிக்கும் விண்டோஸுக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் நடுவே எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும். அது எங்கே என்று வரிசையாகப் பார்த்தால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று வாசல்கள்

பிரெய்ல் விரலுக்கு வந்துசேர மூன்று வாசல்கள் திறந்திருக்க வேண்டும்.

1. கருவிக்கு உயிர் இருக்க வேண்டும்.
2. விண்டோஸ் அந்தக் கருவியைப் பார்க்க வேண்டும்.
3. ஸ்கிரீன் ரீடர் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாசலில் இருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறையும் அதே குழப்பம் வரும்.

முதல் வாசல்: கருவி

கருவியைக் கணினியில் இருந்து கழற்றிவிட்டுத் தனியாக ஆன் செய்யுங்கள். ஊசிகள் எழும்பி ஏதாவது சொல் காட்டுகிறதா, அதன் மெனுவுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கருவி நலமாக இருக்கிறது. ஒன்றும் எழும்பவில்லை என்றால் சார்ஜரில் போட்டு வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள். பல நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பேட்டரி முழுதாக வற்றியிருக்கலாம். அது உடனே விழிக்காது.

அடுத்தது கேபிள். பார்க்க எல்லா யுஎஸ்பி கேபிளும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தகவலைக் கடத்தாது. வீட்டில் யாரோ மொபைல் சார்ஜ் போட எடுத்துவிட்டு வேறொரு கேபிளைச் செருகியிருந்தால், கருவி சார்ஜ் ஆகும், கணினியோடு மட்டும் பேசாது. கருவியோடு வந்த கேபிளை அதற்கென்றே தனியாக வையுங்கள். தொட்டால் தெரியும்படி ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்தால் பார்வையற்றவரே அடையாளம் கண்டுகொள்வார்.

மூன்றாவது, கருவியின் நிலை. கணினி இல்லாமலே புத்தகம் படிக்கவும் குறிப்பு எழுதவும் முடிகிற கருவிகள் உண்டு. அவை தம் சொந்த வேலையில் இருக்கும்போது கணினியின் எழுத்தைக் காட்டாது. கணினியோடு இணைவதற்கென்று தனி நிலை இருக்கும். பிரெய்லியன்ட் பிஐ 40எக்ஸ் போன்றவற்றில் அதற்கு 'டெர்மினல்' என்று பெயர். மெனுவில் தேடி அந்த நிலைக்குப் போகவேண்டும். ஆர்பிட் ரீடர் 20 கருவியில் யுஎஸ்பி இணைப்புக்கே இரண்டு முறைகள் உண்டு: ஒன்று எச்ஐடி, மற்றொன்று சீரியல். என்விடிஏ பயன்படுத்துவோர் எச்ஐடி முறையில் வைப்பதே நல்லது.

இரண்டாம் வாசல்: விண்டோஸ்

கேபிளைச் செருகும்போது காதைக் கொடுங்கள். புதிதாக ஏதாவது இணைந்தால் விண்டோஸ் ஒரு சிறு ஒலி எழுப்பும். கழற்றினால் வேறொரு ஒலி. கருவியைச் செருகியதும் அந்த ஒலி கேட்டால் விண்டோஸுக்குக் கருவி தெரிகிறது, மூன்றாம் வாசலைப் பார்க்கலாம். கேட்கவே இல்லை என்றால் கேபிள், யுஎஸ்பி துளை, கருவியின் நிலை இவற்றில்தான் சிக்கல். கணினியின் ஒலி அணைந்திருக்கவில்லை என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வேறொரு யுஎஸ்பி துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். நடுவில் யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை விலக்கி நேராகச் செருகுங்கள். டெஸ்க்டாப் கணினி என்றால் பின்பக்கத் துளை, முன்பக்கத்தைவிட நம்பகமானது.

இணைந்த கருவி பத்து நிமிடத்தில் தானாக அறுந்துபோகிறதா? மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த யுஎஸ்பி துளையை அணைத்துவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். விண்டோஸ் கீ, எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். அதில் யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் என்ற பிரிவில் யுஎஸ்பி ரூட் ஹப் இருக்கும். அதன் ப்ராபர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதி தரும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

கணினியை மூடித் திறந்தும் சரியாகவில்லை என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் பல கணினிகளில் அது முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகப் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதனால் சிக்கலும் சேர்ந்தே திரும்பி வரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

புளூடூத் என்றால்

கேபிள் இல்லாமல் புளூடூத்தில் இணைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது கணினியை அல்ல, மொபைலை. பகலில் கருவியை மொபைலோடு இணைத்து வாட்ஸ்அப் படித்திருப்பார்கள். இரவில் கணினியைத் திறக்கும்போது, பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும் அதே மொபைல் கருவியைப் பிடித்து வைத்திருக்கும். மொபைலின் புளூடூத்தை அணைத்துவிட்டுக் கணினியில் முயன்று பாருங்கள். ஃபோகஸ் வகையின் ஐந்தாம் தலைமுறைக் கருவி ஒரு யுஎஸ்பி, ஐந்து புளூடூத் இணைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவற்றில் எந்த இணைப்பு இப்போது நடப்பில் இருக்கிறது என்று கருவியின் மெனுவில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியும் இணையவில்லை என்றால் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் அழிக்கவேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணினியில் செட்டிங்ஸ், புளூடூத் பகுதியில் கருவியின் பெயரைத் தேர்ந்து 'ரிமூவ் டிவைஸ்' கொடுங்கள். கருவியின் மெனுவிலும் இந்தக் கணினியின் பெயரை நீக்குங்கள். ஒரு பக்கம் பழைய சாவியை வைத்திருக்க, மறுபக்கம் புதிய சாவியைக் கேட்டால் பூட்டு திறக்காது.

கேபிள், புளூடூத் இரண்டுமே உள்ள கருவி என்றால் முதலில் கேபிளில் சரிசெய்யுங்கள். கேபிளில் வேலை செய்தால் கருவியும் ஸ்கிரீன் ரீடரும் நலம், புளூடூத்தில் மட்டுமே சிக்கல் என்று தெளிவாகிவிடும்.

மூன்றாம் வாசல்: ஸ்கிரீன் ரீடர்

நம் வீடுகளில் பரவலாக இருப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006 ஆம் ஆண்டு தொடங்கிய இலவச மென்பொருள் இது. அதை வைத்தே விளக்குகிறோம். ஜாஸ் பயன்படுத்துபவர்களுக்கும் வரிசை இதுதான், மெனுக்கள் மட்டும் மாறும்.

என்விடிஏ கீ என்பது பொதுவாக இன்செர்ட். சிலர் கேப்ஸ் லாக்கை அமைத்து வைத்திருப்பார்கள். அதோடு கண்ட்ரோல், ஏ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரெய்ல் டிஸ்ப்ளேயைத் தேர்வு செய்யும் பெட்டி திறக்கும். அதில் 'நோ பிரெய்ல்' என்று இருந்தால் சிக்கல் அங்கேதான். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி ஓகே கொடுங்கள். இப்படி வைத்தால், கருவி அறுந்து மீண்டும் வரும்போது என்விடிஏ தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். தானாகக் கண்டறிய முடியாத பழைய கருவிகளும் உண்டு. அவற்றுக்குப் பட்டியலில் கருவியின் பெயரையே தேர்ந்து, போர்ட் என்ற இடத்தில் யுஎஸ்பி அல்லது புளூடூத் என்று குறிப்பிடவேண்டும்.

அதன்பின் என்விடிஏவை மறுபடி தொடங்குங்கள். கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

ஒரு கருவியை ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள்கள் பிடிக்க முடியாது. என்விடிஏவோடு ஜாஸும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால், எது முதலில் பிடித்ததோ அதனிடமே கருவி இருக்கும். விண்டோஸோடு வரும் நேரேட்டரும் இதே சிக்கலைத் தரும். யாராவது நேரேட்டரில் பிரெய்லை இயக்கிப் பார்த்திருந்தால், அது கருவியின் டிரைவரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் நேரேட்டர், அதற்குள் பிரெய்ல் பகுதியைப் பாருங்கள். நேரேட்டருக்குத் தேவையில்லை என்றால் அங்கே பிரெய்லை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என்விடிஏவைப் புதுப்பித்த மறுநாளில் இருந்து சிக்கல் என்றால், ஆட்-ஆன்களைக் கவனியுங்கள். சில கருவிகளின் டிரைவர் என்விடிஏவுக்குள் இல்லாமல் ஆட்-ஆனாகத் தனியே வரும். ஒவ்வோர் ஆண்டின் முதல் பதிப்பிலும் பழைய ஆட்-ஆன்கள் பொருந்தாமல் போவது வழக்கம். ஆட்-ஆன் ஸ்டோரில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள்.

விண்டோஸுக்குள் நுழைந்த பிறகு வேலை செய்கிறது, கடவுச்சொல் கேட்கும் திரையில் மட்டும் பிரெய்ல் வரவில்லை என்றால் அது வேறு விஷயம். என்விடிஏ செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில், உள்நுழையும் திரையிலும் என்விடிஏவைப் பயன்படுத்து என்ற தேர்வு உண்டு. அதோடு, இப்போதைய அமைப்புகளையே அந்தத் திரைக்கும் பயன்படுத்தும் பட்டனையும் அழுத்த வேண்டும். காது கேளாதவருக்கு இது மிக அவசியம். இல்லையென்றால் கணினிக்குள் நுழையவே அவர் மற்றொருவரை எதிர்பார்க்க நேரும்.

இணைந்திருந்தும் இணையாதது போலத் தெரிந்தால்

கருவி இணைந்தேதான் இருக்கும், ஆனால் விரலுக்கு ஒன்றும் புரியாது. இதையும் இணைப்புச் சிக்கல் என்று நினைத்துவிடுவோம்.

எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன என்றால் பிரெய்ல் அட்டவணை மாறியிருக்கும். என்விடிஏவின் பிரெய்ல் செட்டிங்ஸில் 'அவுட்புட் டேபிள்' என்று ஒன்று உண்டு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அரபிக்கும் தனித்தனி அட்டவணைகள் இருக்கின்றன. ஆறே புள்ளிகளை வைத்துத்தான் எல்லா மொழியும் எழுதப்படுகிறது என்பதால், தமிழ் உரையை வேறு மொழியின் அட்டவணையில் படித்தால் பொருளே வராது. குர்ஆன் பாடத்துக்காக அரபிக்கு மாற்றியவர், பள்ளிப் பாடத்துக்குத் தமிழுக்குத் திரும்ப மறந்திருக்கலாம். பார்வையுள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அச்சில் வலமிருந்து இடமாக ஓடும் அரபி, பிரெய்லில் இடமிருந்து வலமாகத்தான் வரும். அது கோளாறு அல்ல.

ஒரே வரியில் நின்றுவிட்டது, அம்புக்குறியை அழுத்தினாலும் நகரவில்லை என்றால், பிரெய்ல் எதைப் பின்தொடர வேண்டும் என்ற அமைப்பு மாறியிருக்கலாம். என்விடிஏ கீ, கண்ட்ரோல், டி அழுத்தினால் அது மாறும். 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்லும்வரை அழுத்துங்கள்.

பார்வையுள்ள உதவியாளருக்கு ஒரு நல்ல வழி உண்டு. என்விடிஏ மெனுவில் டூல்ஸ் பகுதியில் பிரெய்ல் வியூவர் இருக்கிறது. கருவிக்கு அனுப்பப்படும் புள்ளிகளையும் அதற்கான எழுத்தையும் திரையில் காட்டும். திரையில் வருகிறது, கருவியில் வரவில்லை என்றால் என்விடிஏ தன் வேலையைச் செய்கிறது, நடுவே உள்ள இணைப்பில்தான் தடை என்று அறியலாம்.

வெளிநாட்டில் இருந்து உதவுவது

வாப்பாவோ காக்காவோ வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நம்மில் அதிகம். 2025.1 பதிப்பில் இருந்து என்விடிஏவுக்குள்ளேயே ரிமோட் அக்சஸ் வசதி வந்துவிட்டது. இரண்டு கணினிகளிலும் என்விடிஏ இருந்தால், ஒரு சாவிச்சொல் கொடுத்து அங்கிருந்தே இந்தக் கணினியை இயக்கலாம். அந்தச் சாவிச்சொல்லை வீட்டாருக்கும் நன்கு தெரிந்தவருக்கும் மட்டுமே கொடுங்கள். அது கையில் இருப்பவரால் கணினியில் உள்ள எல்லாவற்றையும் திறக்க முடியும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் கணினி என்றால் கூடுதல் கவனம் தேவை.

எங்கே நிறுத்த வேண்டும்

மூன்று வாசலையும் பார்த்தாயிற்று, வேறொரு கணினியிலும் வேறொரு கேபிளிலும் முயன்றாயிற்று, அப்போதும் இணையவில்லை என்றால் கருவியை விற்றவரிடமோ தயாரிப்பாளரின் சேவை மையத்திடமோ கொண்டுபோங்கள். சில ஊசிகள் மட்டும் எழும்பவில்லை என்றாலும் அப்படியே. உள்ளே திறந்து பார்க்காதீர்கள். மொபைல் கடையில் கொடுத்துத் திறக்கவும் வேண்டாம். அந்த ஊசிகள் மிக நுண்ணியவை, உத்தரவாதமும் போய்விடும். போகும்போது என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போனால் அவர்கள் வேலையும் பாதியாகும்.

கருவியைப் பேணுவதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு குறிப்பு: உளூ செய்த ஈரக்கையோடு தொடவேண்டாம். கையை நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு படிக்கச் சொல்லுங்கள். ஊசித் துளைகளில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்வதுதான் கருவியின் ஆயுளைக் குறைக்கிறது. நோன்பு திறந்து பஜ்ஜி தின்ற கையும் அப்படியே.

கீபோர்டு யார் கையில்?

உதவி செய்யும் நாம் பெரும்பாலும் செய்வது, "நகரு, நான் பார்க்கிறேன்" என்று கீபோர்டை வாங்கிக்கொள்வது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் அடுத்த முறை அறுந்தால் அந்தப் பிள்ளை மீண்டும் நாம் வரும்வரை உட்கார்ந்திருக்கும். நாம் கடைக்குப் போயிருப்போம், ஜும்ஆவுக்குப் போயிருப்போம். தேர்வோ நேர்காணலோ நமக்காகக் காத்திருக்காது.

எனவே விரல் அவருடையதாகவே இருக்கட்டும். எந்த கீ என்பதை மட்டும் நாம் சொல்வோம். சொல்லாமல் ஸ்கிரீன் ரீடரை மூடாதீர்கள். அது அவர் படித்துக்கொண்டிருக்கும்போது விளக்கை அணைப்பதற்குச் சமம். மேலே சொன்ன வரிசையை அவரே பிரெய்லில் எழுதி வைத்துக்கொள்ளட்டும், காகிதத்தில். கருவி வேலை செய்யாத நாளில் கருவிக்குள் இருக்கும் குறிப்பு பயன்படாது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். கண்பார்வை இல்லாத அந்த நபித்தோழரை முன்னிட்டே குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான சூரத்து அபஸவின் தொடக்க வசனங்கள் இறங்கின. நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்ணியப்படுத்தியதோடு நிற்கவில்லை. பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாம் வெளியே சென்ற நேரங்களில் மதீனாவையே அவரிடம் விட்டுச் சென்றார்கள். இரக்கத்தோடு நின்றுவிடாமல் பொறுப்பையும் கொடுப்பதுதான் அந்த முன்மாதிரி. ஒரு கேபிளைச் சரிபார்க்கும் பொறுப்பை நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

கல்வியைத் தேடும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் அதன் வழியை எளிதாக்கித் தருவானாக. அவர்களுக்குத் துணைநிற்கும் நல்ல உள்ளத்தையும் பொறுமையையும் நம் குடும்பங்களுக்குத் தருவானாக. ஆமீன்.